சுண்ணாம்பு தடவாத முட்டி

அக்டோபரில் ஐரோப்பாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் சப்பாத்தில்தான் பிழை விடுவார்கள், சுவாமி. கோட்டு, குடை, கம்பளித் தொப்பி எல்லாம் மறக்காமல் எடுப்பார்கள். கல்லுப் பதித்த தெருவில் நாள் முழுக்க நடக்க ஒரு நல்ல சப்பாத்து வேண்டும் என்பது மட்டும் அங்கே போய்க் கால் கொப்பளித்த பிறகுதான் நினைவுக்கு வரும். லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் ஒரு சின்ன டிராவல் ஏஜென்சியில் நெடுங்காலம் டிக்கெட் போட்டவள் நான். என் தங்கை டொலறஸுக்கும் அவள் புருஷன் பஸ்தியாம்பிள்ளைக்கும் அந்தப் பயணத்தைப் போட்டுக் கொடுத்தபோது, முதலில் சொன்ன புத்தியும் இதுதான்.

நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்து, "டொலறஸ் தன்ர புருஷனைத் தானே கொன்றுபோட்டன் எண்டு சொல்லுறா. பூசையில நன்மை எடுக்கவும் வாறேல்லை. நீங்கள் அந்தப் பயணத்தில கூட இருந்தனீங்கள்தானே, என்ன நடந்தது?" என்று கேட்டீர்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து சொல்கிறேன் என்றேன். வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் ஒருவரும் இல்லை, ஆறுதலாகச் சொல்லலாம்.

நீங்கள் இந்தப் பங்குக் கோயிலுக்குப் புதியவர். அதனால் அடியிலிருந்தே வருகிறேன். என் புருஷன் செபமாலைமுத்துவும் பஸ்தியாம்பிள்ளையும் சகலன்மார் மட்டுமல்ல, குடிக் கூட்டாளிகளும்கூட. ஒரே பப், ஒரே மேசை, வீட்டுக்கு வந்து பேசுகிற தூஷணமும் ஒன்றுதான். எண்பத்தெட்டில் என் புருஷன் ஈரல் கெட்டுச் செத்தார். அடக்கம் முடிந்து வந்த அன்றே பஸ்தியாம்பிள்ளை தன் வீட்டிலிருந்த போத்தல்களை எல்லாம் குசினித் தொட்டிக்குள் கவிழ்த்து ஊற்றினார். குடிகாரன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். நானும் அதை நம்பிக் காத்திருந்தேன். எத்தனையோ விடியல் வந்துபோனது, மனுஷன் மாறவில்லை.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நானும் சந்தோஷப்பட்டேன், வாயளவில். வயிறு எரிந்தது. என் வீட்டுச் சாவு அவள் வீட்டுக்கு மருந்தாகிவிட்டது, சுவாமி. தாலியைக் கொடுத்தவள் நான், குணமானது அவளுடைய ஆள். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. "டொலறஸின்ர செபம்" என்றுதான் பங்கு முழுக்கப் பேச்சு. அந்தோனியாருக்கு அவள் பிடித்த நவநாளை அவளுக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்து நானும்தான் பிடித்தேன். ஒரே பெட்டியில் வாங்கிய மெழுகுதிரியைத்தான் இரண்டு பேரும் கொளுத்தினோம். எந்தத் திரி யாருடையது என்று அந்தோனியாருக்குக் குழம்பிவிட்டதோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை இங்கிலிஷ் பூசையில் நன்மை கொடுக்கும்போது, அப்பத்துக்குப் பிறகு திராட்சை இரசக் கிண்ணத்தையும் நீட்டுவார்கள். வெள்ளைக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு நகர்வார்கள். பஸ்தியாம்பிள்ளை கிண்ணத்துக்கு முன்னால் நின்று தலை குனிவார், பிறகு கையைக் கட்டிக்கொண்டு தாண்டிப் போவார். கோயில் முழுக்க அதைப் பார்க்கும். பின்னால் வருகிற டொலறஸின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்ப்பதற்கென்றே நான் அவர்களுக்கு அடுத்த வாங்கில் இருப்பேன். பார்த்துவிட்டு வந்தால் மத்தியானச் சோறு இறங்காது.

தொண்ணூற்று நாலில் அவர்களுக்குக் கலியாண வெள்ளிவிழா வந்தது. டொலறஸ் என் ஏஜென்சிக்கு வந்து எனக்கு முன்னால் கதிரையில் இருந்தாள்.

"லூர்துக்கு எல்லாரும் போயினம் அக்கா. எனக்கு பஸ்ஸுக்குப் பின்னால ஓடுப்பட்டுத் திரிய ஏலாது. ஒரு இடத்தில ரெண்டு மூண்டு நாள் இருந்து, ஆறுதலா, பக்கத்துப் பக்கத்து ஊருகளாப் பாத்துக்கொண்டு போவம். நீங்களும் வாங்கோ. நீங்கள் இல்லாட்டி நாங்கள் பாஷை தெரியாமல் முழிப்பம்."

அவள் கோடையைச் சொன்னாள். நான் அக்டோபரைச் சொன்னேன். சனம் குறைவு, விடுதி மலிவு, மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக நிற்கும் என்றேன். எல்லாம் உண்மை. அந்தப் பயணத்தில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அதற்கு முன்னமே ஒருமுறை, ஏஜென்சிக்காரரைக் கூட்டிக்கொண்டுபோய் இடம் காட்டுகிற சுற்றுலாவில் நான் அந்தப் பக்கம் போயிருந்தேன். ரைன் ஆற்றுக்கு ஒரு கரையில் பிரான்சின் அல்சாஸ். மற்றக் கரையில் ஜெர்மனியின் பாடன். வடக்கே ஒட்டினாற்போல் ஃபல்ட்ஸ் என்று இன்னொரு பகுதி. மூன்றிலும் எங்கு பார்த்தாலும் திராட்சைத் தோட்டம். இலையுதிர் காலத்தில் பழத்தைப் பிழிந்து, சாறு புளிக்கத் தொடங்கினவுடனேயே ஜக்கில் ஊற்றி வெங்காயப் பலகாரத்தோடு வைப்பார்கள். கலங்கல் வெள்ளையாக, நுரைத்துக்கொண்டு, நல்ல இனிப்பாக இருக்கும். கடைப் பலகையில் வைன் என்ற சொல்லே இருக்காது. பாடன் பக்கத்தில் அதற்குப் பெயர் 'நொயெர் சூஸெர்', புது இனிப்பு.

வாயில் வைத்தவுடன் எனக்குக் கருப்பணி என்றுதான் பட்டது. உங்களுக்குத் தெரியும், பனையில் கட்டுகிற முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது கருப்பணி, பச்சைப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். தடவாவிட்டால் அதே பாளை, அதே முட்டி, ஆனால் கள்ளு. இவர்கள் சுண்ணாம்பு தடவுவதில்லை. அது எனக்கு இரண்டாவது கிளாஸ் முடித்து எழும்பி நின்றபோது முழங்காலில் தெரிந்தது. கூட வந்த வழிகாட்டிப் பெண் இன்னொன்றும் சொன்னாள். அது நாளுக்கு நாள் வளருமாம். இன்றைக்கு இனிப்பு, நாளைக்கு இனிப்புக் கொஞ்சம் குறைந்து வெறி கொஞ்சம் கூடும், கடைசியில் முழு வைன். ஆறுதலாக அந்த ஊர்களில் தங்கித் தங்கிப் போகிறவனுக்கு அந்த வளர்ச்சி தெரியாது. பிள்ளை வளர்வது வீட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரிகிறதா?

டொலறஸ் மெதுவான பயணம் கேட்டாள். மெதுவாகவே போட்டேன்.

அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் வரைபடத்தை விரித்தோம். பஸ்தியாம்பிள்ளை தன் காரிலேயே போகலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். "ரயிலில போனால் நீங்களும் வெளியில பாக்கலாம், ஓடுற ஆளுக்கு றோட்டு மட்டும்தான் தெரியும்" என்றேன். அதுவும் உண்மைதான். ஆனால் கார் ஓட்டுகிறவன் வாயில் வைப்பதை ஒருதரம் யோசித்துத்தான் வைப்பான். முதலில் அல்சாஸ், அங்கே கோயில்களும் சுட்ட கஷ்கொட்டையும் மட்டும். பிறகு ஆற்றைத் தாண்டிப் பாடன், அதற்கு மேலே ஃபல்ட்ஸ். அல்சாஸில் வைன் கடைகளைத் தாண்டித் தாண்டி நடந்து அவர்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடும் என்று நினைத்தேன். அப்படியே வந்தது.

பஸ்தியாம்பிள்ளை வரைபடத்தின் மூலைக்குத் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பாரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "செபமாலை இருந்திருந்தால் நாலு பேராப் போயிருப்பம், மச்சாள். அவன்தான் எனக்குப் புத்தி வரப் பண்ணினவன்" என்றார். நல்ல மனுஷன், மனதாரத்தான் சொன்னார். அதுவரை எனக்குள் கொஞ்சம் தயக்கம் இருந்தது. அந்தச் சொல்லோடு அது போய்விட்டது.

பாடனில் முதல் நாள், ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீட்டு முற்றம். நீள வாங்குகள், வெயில், மேசையில் குளவிகள். நான்தான் பலகாரத்துக்கும் ஜக்குக்கும் சொன்னேன். வந்ததும் ஜக்கை டொலறஸ் பக்கம் தள்ளிவைத்தேன். அவள் இயல்பு எனக்குத் தெரியும். மேசையில் எது வந்தாலும் முதலில் புருஷனுக்குத்தான் ஊற்றுவாள்.

அவர் மணந்து பார்த்தார். "மச்சாள், இது என்ன சாமான்?"

"திராட்சைச் சாறு. இப்பதான் பிழிஞ்சது. எங்கட கருப்பணி மாதிரி" என்றேன்.

மாதிரி என்று சொன்னேன், சுவாமி.

டொலறஸுக்குச் சிரிப்பு. "குடியுங்கோப்பா. கருப்பணி கண்டு எவ்வளவு காலம்."

அவர் ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அந்த நாக்குக்கு யாரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் பலகாரத்தை மூன்று துண்டாக வெட்டிக்கொண்டிருந்தேன். பிறகு டொலறஸைப் பார்த்தார். ஜக்கைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஒரு புதுப் பெண்ணைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் கிளாஸை முடித்துவிட்டு நீட்டினார். "இன்னும் கொஞ்சம் விடும்" என்றார். அவள் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவில்லை. செய்யத் தேவையிருக்கவில்லை. ஃபல்ட்ஸுக்கு வந்தபோது அவர் கதிரையில் இருக்கமுன்பே கையைக் காட்டிக் கேட்டார். இனிப்பு நன்றாகக் குறைந்திருந்தது. "இவருக்கு இந்தச் சாறு நல்லாப் பிடிச்சுப்போட்டுது" என்று டொலறஸ் ஊர் ஊராகப் பெருமைப்பட்டாள். லண்டனுக்குத் திரும்பி வரும்போது கப்பலில் அவரைக் காணவில்லை. தேடிப் போன டொலறஸ் அவரைப் பாரில் கண்டாள். என்னிடம் வந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, அது வெறும் சாறுதானே?"

"முதல் நாள் சாறுதான். பிறகு கொஞ்சம் புளிச்சிருக்கும்" என்றேன்.

அந்த இடத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். வெளிச்சம் இல்லை. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு நன்றாகப் பசித்தது. கப்பல் கன்டீனில் மீனும் சிப்ஸும் வாங்கி முழுதாகச் சாப்பிட்டேன்.

ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். அவர் குடியை நிறுத்தின புதிதில், டொலறஸின் இங்கிலிஷ் போதாது என்று ஆஸ்பத்திரிக்கு நானும் துணைக்குப் போனேன். ஈரலில் பாதி போய்விட்டது, இனி குடித்தால் ஆள் மிஞ்சாது, ஒரு துளிகூடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அதைத் தமிழில் சொன்னது நான்தான். "ஒரு துளிகூட" என்பதை இரண்டு தரம் அழுத்திச் சொன்னேன். அவர் தலையாட்டினார். டொலறஸ் என் கையைப் பிடித்து அழுதாள்.

தொண்ணூற்றாறில், என் புருஷன் கிடந்த அதே வார்ட்டில் பஸ்தியாம்பிள்ளை செத்தார். கடைசி நாட்களில் ஆளை அடையாளம் பிடிக்க ஏலாமல் மஞ்சள் பாரித்திருந்தார். ஒருநாள் நான் பக்கத்தில் இருந்தபோது, "மச்சாள், அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். எதை என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதல் கிளாஸிலேயே தனக்குத் தெரிந்தது என்பதைத்தான் சொல்லியிருப்பார். அல்லது எனக்குத் தெரிந்தது என்பதை. எதுவானாலும் செத்தவர் வாக்கை நான் காப்பாற்றி வருகிறேன்.

அவர் சாகவேண்டும் என்று நான் நேர்த்தி வைக்கவில்லை, சுவாமி. டொலறஸின் முகத்தில் இருந்தது போகவேண்டும், அவ்வளவுதான். அது இருந்த இடம் அவர். அவரை உடைக்காமல் அதை எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. உடைகிறபோது உடைத்த கை அவளுடையதாக இருக்கட்டும் என்றும் நினைத்தேன். அதனால்தான் ஜக்கை அவள் பக்கம் தள்ளினேன். பொறாமை என்று நீங்கள் சொல்வீர்கள். பொறாமைதான். ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே மாதிரிக் குடிகாரனைக் கட்டி, ஒரே திரியைக் கொளுத்தின இரண்டு பேரில் ஒருத்திக்கு மட்டும் கேட்டது கிடைத்தால் மற்றவள் என்ன செய்வாள்?

இப்போது இரண்டு பேரும் சரிசமம். அவள் மகன் கனடாவில் இருக்கிறான், வருவதில்லை. ஒவ்வொரு பின்னேரமும் டொலறஸ் என் வீட்டுக்குத்தான் வருவாள். புட்டும் ஒரு கறியும் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுச் செபமாலை சொல்லுவோம். "நான்தானே அக்கா என்ர கையால ஊத்திக் குடுத்தனான்" என்று அழுவாள். தலையைத் தடவி, "தெரியாமல் செய்தது பாவமில்லை" என்று சொல்லுவேன். அது வேதத்திலேயே இருக்கிற உண்மை. நன்மை நேரத்தில் அவள் வாங்கை விட்டு எழும்பமாட்டாள். நான் போய் எடுத்துக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். அந்தப் பிடி எனக்குப் பிடித்திருக்கிறது.

நேற்று வீட்டில் வைத்துச் சொல்லியிருந்தால் நீங்கள் நேரே அவளிடம் போயிருப்பீர்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதை உயிர் போனாலும் நீங்கள் வெளியில் விடக்கூடாது. அதுதான் இங்கே வந்தேன். அவளே வந்து கேட்டாலும் உங்களால் இனி ஒன்றும் சொல்ல ஏலாது.

இதற்குப் பரிகாரமாக, நானே அவளிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். அதையும் யோசித்துப் பார்த்தேன். சொன்னால் அடுத்த நாளே அவள் நன்மை எடுக்கப் போவாள், அது சரி. பிறகு பின்னேரங்களில் எங்கே போவாள்? நம்பி வந்து அழுவதற்கு அவளுக்கு இந்த லண்டனில் ஒரு அக்காதான் மிச்சம். அதையும் பறித்துவிட்டு அவளைத் தனியாக விடச் சொல்கிறீர்களா? மன்னிப்புத் தராவிட்டால் விடுங்கள். கூடப்பிறந்தவளுக்கு அப்படியொரு துரோகம் செய்ய எனக்கு மனம் வராது.