அப்பா பேசாத வீடு

ஆடி முதல் செவ்வாய். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் கம்பெனிச் சீருடையோடு ஒரு பெண், மடியில் நான்கு வயதுப் பையன். பக்கத்தில் நடுத்தர வயது அம்மாள் ஒருவர். அவர் தோளில் வளர்ந்த மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இவங்கப்பாவ ஊட்ல வாயே தொறக்கக் கூடாதுன்னுட்டேன்க்கா," என்றாள் சீருடைக்காரி.

"ஏன், குடிப்பாரா?"

"சேச்சே. அவருக்குத் தெலுங்கு, எனக்குத் தமிழு. இவனுக்கு வளர்ச்சி கம்மின்னு டாக்டர் சொன்னாரு. ரெண்டு பாஷை பேசினா பேச்சே வராதுன்னு பக்கத்து ஊட்ல சொன்னாங்க. அவருக்குத் தமிழு திக்குது. பொங்கல்லருந்து புள்ளகிட்ட பேசறதே இல்ல."

"பேச்சு வந்துச்சா?"

"முன்ன அவர தெலுங்குல அப்பான்றதுக்கு நானான்னு கூப்புடுவான். இப்ப அதுவும் இல்லக்கா."

"காது பாத்தியா?"

"பாத்தாச்சு. நல்லா கேக்குது."

"எம் பொண்ணுக்கும் இதயேதான் சொன்னாங்க. நானும் கேட்டுக்கினு இருந்தேன். பேச்சுப் பயிற்சி மேடம் திட்டினாங்க. ரெண்டு பாஷையால பேச்சு நிக்காது, உங்களுக்கு வாய்க்கு வர்ற பாஷையில நாள் பூரா பேசுங்கன்னாங்க. வந்த வார்த்த நின்னுபோச்சுன்னா, அத டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லு."

ஓசூர் நெருங்கும்போது சீருடைக்காரி தன் கணவனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைப் பையன் காதருகே வைத்தாள்.

"ஏங்க, புள்ளகிட்ட பேசுங்க. தெலுங்குலயே பேசுங்க."

போனில் அந்த ஆள் தடுமாறித் தமிழிலேயே கேட்டார்:

"பேசலாமா?"