பாலத்துக்கு அந்தப் பக்கம்

கையெழுத்துப் போடத் தெரியாமயில்ல புள்ள. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சவ நான். பேனாவ அப்படி வச்சிட்டு மொதல்ல தேத்தண்ணியக் குடிங்க. அட்டன்ல இருந்து இந்த மழையில ஏறி வந்திருக்கீங்க. லாயர் ஐயா பதில் இன்னைக்கே வேணும்னுட்டாரா? சரி, சரி.

நீங்க போன்ல போட்டுக் காட்டினதுல வர்றது என் குரல்தான். இல்லேங்கல. வெளக்கு வச்சு முருகனக் கும்பிட்டதும் இத்தாலியில இருக்கிற மகன் கிஷாந்துக்கு ஒரு வார்த்தை பேசி அனுப்பாட்டி எனக்கு அன்னைக்கிப் பொழுதே ஓடாது. அந்த மைக் படத்த மேல தள்ளிவிட்டா கைய எடுத்தாலும் பதிவாகும்னு அவன்தான் சொல்லிக் குடுத்தான். ஒரு நாளு பேசி முடிச்சிட்டு நிப்பாட்ட மறந்துட்டேன். ரொட்டிக்கி மாவு பெசைஞ்சுகிட்டே என்னமோ பாடியிருக்கேன். தகரத்துல மழை விழுற சத்தத்தோட எல்லாமே போயிருச்சு.

அவன் அங்க ரெண்டு பேரு வீட்டுல கூட்டித் தொடைக்கிற வேலை. ஒருத்தரு கிட்டாரு, ஒருத்தரு மேளமாம். நல்லவங்க புள்ள, இவனுக்கு விசா கடுதாசிக்கெல்லாம் அவங்கதான் கையெழுத்து வச்சவங்க. தரை தொடைக்கயில இவன் நான் அனுப்பினதச் சத்தமா போட்டுக் கேட்டிருக்கான். அவங்க வேலைய விட்டுட்டு வந்து நின்னாங்களாம். அவங்க பாட்டுல எப்பவும் வாய்ப்பாட்டே இருக்காதாம், வெறும் வாத்தியந்தானாம். இந்தப் புதுப் பாட்டுலதான் மொத மொத ஒரு மனுசக் குரல வச்சிருக்காங்களாம். அதுக்குத்தான என் சம்மதம் கேட்டு இந்தக் கடுதாசி.

பாட்டு எதப் பத்தினதுடான்னு மகன்கிட்ட கேட்டேன். ஞாபகத்தப் பத்தியும் கைவிட்டுப் போன ஒரு காதலப் பத்தியும்மான்னான். கையில இருந்த சொளகு கீழ விழுந்திருச்சு. இந்த லயத்து வீடுகள்லயே பொறந்து வளந்த பொம்பளைங்களுக்குத் தெரியாதது, தமிழ்ல ஒரு எழுத்துத் தெரியாத ரெண்டு பேருக்கு எப்படிப் புள்ள தெரிஞ்சது?

நான் பாடின எடத்த மட்டும் வெட்ட முடியாதா? அதத்தான் பாட்டே சுத்தி சுத்தி வருதா. வேணும்னா திருப்புகழ் ஒண்ணு நல்லா பாடித் தர்றேன். சிரிக்காதீங்க. கையெழுத்துப் போட்டா எனக்குச் சங்கடம், போடாட்டி மகனுக்குச் சங்கடம்.

ஆமா, ஒப்பாரிதான். மாசி மாசம் காமன் கூத்துல ரதி பாடுறது. மன்மதன சிவன் எரிச்சதும் ரதி அழுவா. வேசம் கட்டுறது ஆம்பளைங்கதான். கையில காப்பு கட்டிட்டா கூத்து முடியிற வரைக்கும் தோட்டத்து எல்லையத் தாண்டக்கூடாது. தாண்டினா ஊருக்கே ஆகாது.

எனக்கு அப்பப் பத்தொம்பது வயசு. எங்க தோட்டத்துல ரதி வேசம் கட்டுனவரும் நானும் கொழுந்து நிறுக்கிற எடத்துல பேசிக்குவோம். அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல. கூத்து முடிஞ்சு காப்ப அவுத்ததும் எங்க அப்பாகிட்ட வந்து கேக்கறதா பேச்சு. அப்பாவுக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. காப்பு கட்டுன மூணாம் நாளே என்னைய ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம், அத்தை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அது வேற தோட்டம். பத்தே நாள்ல பரிசம் போட்டாச்சு. சேதி தெரிஞ்சு அவரு பாலத்து முனை வரைக்கும் ஓடி வந்து நின்னாரு. மேட்டுல இருந்து நான் பாத்தேன். கையில காப்புக் கட்டின மஞ்சக் கயிறு. தாண்டல.

அப்படிச் சொல்லாதீங்க புள்ள. பயந்த ஆளில்ல. ஊரு மொத்தமும் விரதம் புடிச்ச காரியம். தாண்டி வந்திருந்தா நானே திருப்பி அனுப்பியிருப்பேன். அனுப்பியிருப்பேனான்னு தெரியல.

கூத்தன்னைக்கி குழாய் ஸ்பீக்கரு கட்டியிருந்தாங்க. நான் இருந்த எதிர் மலைக்கே கேக்கும். ரதி அழுகையில ஒரு வரிய மாத்திப் பாடினாரு. பாலத்துக்கு அந்தப் பக்கம் போனவங்கள எந்தக் குரல்ல கூப்பிடுவேன்னு. மன்மதன் சாம்பலாத்தான போனாரு, எந்தப் பாலத்தத் தாண்டினாரு? யாருமே கேக்கல. அடுத்த வருசத்துல இருந்து பழைய வரிதான். மாத்தினத அவரு பாடினது அந்த ஒரு தடவைதான். அதுக்கப்புறம் பாடினவ நான் ஒருத்தி, அடுப்படிக்குள்ள.

என் வீட்டுக்காரரு நல்ல மனுசன். முப்பத்தாறு வருசத்துல என்னைய ஒரு வார்த்தை கடுமையாப் பேசினதில்ல. இன்னைக்கி தலவாக்கலைக்கி கிளினிக் போயிருக்காரு. அவரு கேட்டாலும் சாமி பாட்டுன்னு நெனச்சுக்குவாரு. அதப் பத்திப் பயமில்ல.

இன்னொருக்கா போடுங்க அத. என் சத்தம் வர்ற எடத்துல இருந்து போடுங்க.

எங்கயோ இருக்கிற ஆளு கேட்டா என்னன்னா கேக்கறீங்க? எங்கயோ இல்லியே. எம் மக சுதர்ஷினி அட்டன் துணிக்கடையில வேலைக்கிப் போனாளே, அங்க ஒரு பையன விரும்பினா. பேரு நிரஞ்சன். தங்கமான புள்ள. பொண்ணு கேட்டு வந்த அன்னைக்கித்தான் பையனோட அப்பா யாருன்னு பாத்தேன். என்ன காரணம் சொல்லி வேணாங்கிறது? ஒரு வாரம் சோறு எறங்கல. மகளப் பிரியிற கவலைன்னு எல்லாரும் சொன்னாங்க. மருமகனோட அப்பா எனக்கு அண்ணன் மொறை. எட்டு வருசமா அப்படித்தான் கூப்பிடுறேன். அவரும் தங்கச்சிம்பாரு. அந்தக் கூத்தப் பத்தி ஒரு வார்த்தை ரெண்டு பேரும் பேசினதில்ல. இன்னும் நான் அதப் பாடுறேன்னு அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கெழமையில எங்ககிட்ட வளர்ற பேத்தியப் பாக்க வருவாரு. ஜன்னலால பாருங்க, கறுப்புக் குடை, படியில எறங்கி வர்றாரு. நிப்பாட்டுங்க புள்ள. சீக்கிரம். ஏன், நிக்கலயா?

விடுங்க. வேணாம். கேட்டுட்டாரு. குடைய மடக்கல பாருங்க.

பேனாவக் குடுங்க. எங்க போடணும், இங்கயா?

ஏண்ணே, வாசல்லயே நின்னுட்டீங்க? உள்ள வாங்க.