நாற்பத்தொன்றாம் பக்கம்

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்துப் பசுமலைக்கு வந்து துயரோடு அமர்ந்திருக்கும் உறவுகளே! என் பெயர் கனகா. பேராசிரியர் முனைவர் பீமாராவ் அவர்களின் உணவியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் உதவியாளராக இருந்தவள். இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். கூடுதலாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன் பேசியவர்கள் சாரை மேதை என்றார்கள். மேதைதான்! வீட்டில் தவளைக்கறி சமைப்பார்கள் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தில் தன்னைத் "தவளை தின்னி" என்று கூப்பிட்டவர்களோடு ஒருவர் சண்டை போடலாம், ஊரை விட்டே ஓடலாம். எங்கள் சார் என்ன செய்தார்? வனத்துறைக்கு எழுதி அனுமதி வாங்கி, வயல் தவளையைத் தராசில் வைத்தார்! நூறு கிராம் தொடைக்கறியில் பதினாறு கிராம் புரதம். கொழுப்பு அரை கிராம்கூட இல்லை. வெளிநாட்டில் தீனி போட்டு வளர்க்கும் பண்ணைத் தவளையின் அளவுகளை ஆய்விதழ்களில் தேடி எடுத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புரதத்தில் நம் வயல் தவளை அதற்குச் சளைக்கவில்லை. அன்று சிரித்தாரே ஒரு சிரிப்பு! "கனகா, எங்காத்தா ஒண்ணும் எங்களுக்குக் குப்பையப் போட்டு வளக்கல" என்றார்.

அந்த மகிழ்ச்சியில் எழுதியதுதான் வயல் உணவு பற்றிய அவருடைய நூலின் நாற்பத்தொன்றாம் பக்கம். தவளைக்கறி பிள்ளை பெற்ற தாய்க்கு ஏற்ற உணவு என்று எழுதினார். வயல் தவளையைப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்றும் அதே பக்கத்தின் அடியில் எழுதினார். அடிவரியை யார் படிக்கிறார்கள்? நம்ம வீட்டுப் பிள்ளை, டாக்டர் பட்டம் வாங்கியவன் எழுதிவிட்டான். ஊருக்கு அது போதும்.

இனி நான் சொல்லப்போவதை இரங்கல் கூட்டத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆய்வகத்தில் தவளையை உரித்தவள் நான். சோதனை முறைப்படி தொடையை மட்டும் எடுத்துக்கொண்டு ஈரலைச் சோதிக்காமலே கழிவு வாளியில் போட்டேன். சாரின் ஊரில் ஈரலை எறிவார்களா? அதைத்தானே முதலில் எடுத்து வைப்பார்கள்! பிள்ளை பெற்றவளுக்கு மிளகு போட்டு வதக்கிக் கொடுப்பது அந்த ஈரலைத்தானே! அதைத் தின்று வளர்ந்தவர் அவர். நானும் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவள்தான். வெள்ளைக் கோட்டு போட்டதும் எங்கள் வீட்டு அடுப்பு எங்களுக்கே மறந்துபோனது.

ஆறு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மாதம். சாரின் அக்கா தங்கப்பொண்ணு அம்மாளின் மகள் பாண்டிமீனா, பிள்ளை பெற்றுத் தாய்வீட்டில் இருந்தாள். பக்கத்து வயலில் முந்தின நாள்தான் பூச்சிமருந்து அடித்திருந்தார்கள். மருந்து பட்ட தவளை துள்ளாது. குனிந்து கையாலேயே எடுக்கலாம். ஒரு சட்டி நிறையக் கிடைத்ததை நல்ல நேரம் என்று நினைத்தார்கள். இரண்டு நாள் ஈரல் வதக்கிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அந்தப் பெண் இறந்துபோனாள்.

அதே வயலின் தவளைகளைச் சார் சோதித்தார். தொடையில் துளியாக இருந்த மருந்து, ஈரலில் பல மடங்கு இருந்தது. அதனால்தான் இறந்தாள் என்று நிரூபிக்க முடியவில்லை. அதனால் இல்லை என்றும் நிரூபிக்க முடியவில்லை. அந்த அறிக்கையோடு அவர் அக்கா வீட்டு வாசலில் நின்றபோது நானும் கூட நின்றேன்.

"தம்பி, நீ எழுதியிருக்கன்னுதானப்பா அம்புட்டையும் ஊட்டிவிட்டேன். இப்ப வந்து வெசங்கிறியே, நான் யாருகிட்டப் போய்ச் சொல்ல?"

சார் அந்த அறிக்கையை மடித்துப் பையில் வைத்தார்.

அன்று தொடங்கி, மருந்தடித்த வயல் தவளையைத் தொடாதீர்கள், ஈரலைத் தின்னாதீர்கள் என்று திருத்தத் தாள் அச்சடித்து ஊர் ஊராக நடந்தார். புத்தகம் இருந்த வீட்டிலெல்லாம் அந்தப் பக்கத்தின் மேல் தன் கையால் ஒட்டினார். "ஒருநா சத்துங்குற, ஒருநா வெசங்குற. ஒழுங்கா ஒண்ணச் சொல்லுய்யா வாத்தியாரே!" என்று ஏசினார்கள். "ரெண்டும் நெசந்தாண்ணே. கறியில சத்து இருக்கு, வயல்ல மருந்து இருக்கு" என்பார். போன மாதம் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோதும் அந்தத் தாள் பைதான் அவர் மடியில் இருந்தது.

இப்போது இந்த மேசையைப் பாருங்கள். சாரின் மாணவர், கப்பலூரில் தொழில் நடத்தும் தம்பி ராஜபாண்டி, நல்ல மனதோடு அந்த நூலை ஐந்நூறு பிரதி மறுபடி அச்சிட்டிருக்கிறார். இன்று வெளியீடு, நாளை அங்கன்வாடிகளுக்கு விநியோகம். சற்று முன் பிரித்துப் பார்த்தேன். பழைய பக்கம் அப்படியே இருக்கிறது! தம்பி, கோபப்படாதீர்கள். இதை வெளியிட்டால் நம் சாரை இரண்டாம் முறை கொல்கிறோம்!

அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்களே, அந்தப் பணி இதுதான். அவர் பையை நான் கொண்டுவந்திருக்கிறேன். தாள் இருக்கிறது, பசை இருக்கிறது. ஐந்நூறு புத்தகத்திலும் ஒட்டாமல் இங்கிருந்து ஒருவரும் எழுந்து போகக் கூடாது.

தங்கப்பொண்ணு அக்கா, மேடைக்கு வாங்க. முதல் தாளை நீங்கள் ஒட்டுங்கள். அடுத்ததை நான் ஒட்டுகிறேன். அந்த ஈரலை வாளியில் போட்ட கை இதுதான்.