எடுக்காத அழைப்பு

மழைக்காலத்தில் கொல்லிமலையில் சார்ஜர் நன்றாக விற்கும். ஈரம் ஏறி மாதத்துக்கு ஒன்று கெட்டுப்போகும். செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பன்னிரண்டு வருடமாக செல்போன் கடை வைத்திருக்கிறேன், அய்யா. அதில் ஒரு நாளாவது யாருக்காவது மட்டமான சார்ஜரைக் கொடுத்தேன் என்று மலையில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். விசாரித்துப் பாருங்கள்.

என் பெயர் குணசேகரன். வயது நாற்பத்து மூன்று. சொந்த ஊர் அடிவாரம். கல்யாணம் ஆகவில்லை. கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதில்தான் சமையல், தூக்கம் எல்லாம். மலைக்கு வந்த புதிதில் என்னிடம் முதலில் வந்து பேசியவன் முரளி. மலையிலேயே பைல் நாடு என்ற பகுதிக்காரன். இரண்டு ஏக்கரில் மிளகும் கொஞ்சம் மரவள்ளியும் வைத்திருந்தான். ஊர் கிரிக்கெட் அணியில் இடது கை வேகப்பந்து அவன்தான். நான் பந்தைத் தொட்டதே இல்லை. ஆனாலும் ஆட்டம் பற்றி அவன் பேசினால் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

போனில் அந்த விளையாட்டு வந்தபோது அவனுக்கு அதை ஏற்றிக் கொடுத்தது நான். உங்களுக்கும் தெரிந்திருக்கும். இன்று நடக்கும் ஆட்டத்தில் இருந்து பதினோரு பேரை நாமே தேர்ந்தெடுத்துப் பணம் கட்ட வேண்டும். அவர்கள் நன்றாக ஆடினால் நமக்குப் பணம். அப்போது அதற்குத் தடை இல்லை. டிவியில் விளம்பரமே வந்தது. தினமும் நாலு மணி பஸ்ஸில் முரளி வருவான். நான் இரண்டு டீ சொல்வேன். கண்ணாடிப் பெட்டி மேல் போனை வைத்துக்கொண்டு இருவரும் பதினோரு பேரை எடுப்போம். "இவனை வேண்டாம் குணா, இவனுக்கு முழங்கால் வலி, நாலு ஓவர் தாண்ட மாட்டான்" என்பான். அது அப்படியே நடக்கும். ஐந்து வருடம் இப்படிப் போயிற்று. அவன் நிறைய விட்டான். அதை நான் மறைக்கவில்லை. சுகுணாவின் தோடும் அதில் போனதுதான். சுகுணா அவன் மனைவி.

போன வருடம் ஆகஸ்டில் சட்டம் வந்தது. பணம் கட்டி ஆடும் விளையாட்டு எதுவும் கூடாது என்று ஒரே நாளில் மூடினார்கள். முரளி கடையில் நின்றபடி அந்த அறிவிப்பை இரண்டு தரம் படித்தான். கணக்கில் மிச்சம் இருந்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. எடுத்து, சுகுணாவுக்குக் குக்கர் வாங்கிக்கொண்டு போனான்.

மறு நாள் அவன் வரவில்லை. அதற்கு மறு நாளும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் இருந்து கை காட்டினான். அதற்கடுத்த வாரம் கை காட்டவும் மறந்துவிட்டான்.

சுகுணாதான் கடைக்கு வந்தாள். ஒரு பலாப்பழத்தைத் தலையில் சுமந்து வந்து இறக்கினாள்.

"அரசாங்கத்துக்கு ஒரு கும்புடு போடோணுங்கண்ணா. எம்பட ஊட்டுக்காரரு எனக்குத் திரும்பக் கெடச்சுட்டாரு. விடிஞ்சா தோட்டத்துல நிக்கறாரு. புள்ளைக்குப் பாடஞ் சொல்லித் தர்றாரு. நீங்க இத்தனை நாளும் அவரு கூடவே இருந்தீங்க. அதான் உங்களுக்கு ஒரு பழம்."

சந்தோஷம் என்றேன். பழத்தை வெட்டினேன். ஒரு ஆள் எவ்வளவு தின்ன முடியும். பாதிக்கு மேல் அழுகிப் போயிற்று.

சட்டம் நல்ல சட்டம்தான். முரளி விஷயத்தில் அது வேலை செய்தது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். எனக்கு மட்டும் நாலு மணி ஆனதும் கை எதையும் செய்யாது. ரீசார்ஜ் கேட்டு வருபவர்களுக்குத் தப்பான எண்ணில் போட்டுவிடுவேன்.

என் அப்பா பெயரில் ஒரு பழைய சிம் இருந்தது. அதை இன்னொரு போனில் போட்டு, வாட்ஸ்அப் தொடங்கி, உயரமான கட்டடம் ஒன்றின் படத்தை வைத்தேன். பெயர் துபாய் பாஸ். பிறகு ஒரு சந்தை நாளில் முரளியைப் பிடித்தேன்.

"வேற வழி ஒன்னு இருக்குது முரளி. வெளிநாட்டு ஆளு. பேசறதுக்கு நம்மூரு நம்பர் ஒன்னு வெச்சிருக்கறான். நம்ம சட்டம் அவனை ஒன்னும் பண்ணாது."

"வேண்டாம் குணா. சுகுணாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கறேன்."

"வெளையாட வேண்டாம். சும்மா வந்து பாத்துட்டுப் போ. டீ குடிச்சு எத்தனை நாளாச்சு."

வந்தான். முதல் வாரம் புள்ளிக் கணக்கை மாற்றிப் போட்டு அவன் ஜெயிக்கும்படி பார்த்துக்கொண்டேன். என் கைக்காசைத்தான் கொடுத்தேன். பேங்க் வழியாகப் போட்டால் அரசாங்கம் கண்டுபிடித்துவிடும், பணத்தை ரொக்கமாகக் கடையில் கொடு, நான் ஆள் மூலம் அனுப்புகிறேன் என்றேன். அப்படிச் சொன்னால்தான் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவன் நேரில் வருவான்.

அனுப்புவதற்கு ஆள் யாரும் இல்லை, அய்யா. துபாயும் இல்லை. அவன் என் முன்னால் உட்கார்ந்து பாஸுக்கு மெசேஜ் அனுப்புவான். அவன் எழுந்து போனதும் நான் பதில் அனுப்புவேன்.

இதில் என்ன கெடுதல் என்று அப்போது நினைத்தேன். வேறொருவன் இதைச் செய்திருந்தால் பணம் கடல் தாண்டிப் போயிருக்கும். என்னிடம் அது பத்திரமாக இருந்தது. அரிசி டப்பாவில் இருந்து நீங்களே எடுத்தீர்கள். ஒரு ரூபாய் கூட நான் செலவு செய்யவில்லை. என்றாவது ஒருநாள் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன்.

முரளி இளைத்துப் போனான். ஆட்டை விற்றான். முன்பு அந்த போன் ஆப்பில் தோற்றால் ஒரு தொகைக்கு மேல் கட்ட விடாது, புகார் சொல்ல ஒரு எண்ணும் இருந்தது. பாஸிடம் அதெல்லாம் கிடையாது. கார்த்திகையில், கொடியில் இருந்த மிளகை அப்படியே வியாபாரிக்குக் குத்தகை பேசி முன்பணம் வாங்கினான். அந்த வாரம் சுகுணா மறுபடியும் கடைக்கு வந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

"மறுபடியும் ஏதோ ஆரம்பிச்சுட்டாருன்னு தோணுதுங்கண்ணா. யாரைக் கேட்டாலும் அதெல்லாம் சட்டம் போட்டு மூடியாச்சேங்கறாங்க. ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கோணும்."

"பாத்துக்கறேன்மா" என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மார்கழிக் கடைசியில் அந்தக் குத்தகைப் பணம் மொத்தத்தையும் ஒரே ஆட்டத்தில் வைத்தான். ஜெயித்தான். அவன் சொன்ன பையன் கடைசி ஓவரில் மூன்று விக்கெட் எடுத்தான். முரளி என் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

"இது கைக்கு வந்தாப் போதும் குணா. மிளகைத் திருப்பிக்குவேன். அப்பறம் இந்தக் கருமத்தைத் தொடவே மாட்டேன். இந்தக் கடைப் பக்கங்கூட வர மாட்டேன்."

என்னை வருத்த வேண்டும் என்று அவன் அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

பாஸ் பதில் அனுப்பினான். இந்தியாவில் கெடுபிடி அதிகம், கணக்கை முடக்கிவிட்டார்கள், பொறுத்திரு. தினமும் செய்தியில் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது, அதனால் முரளி நம்பினான். சட்டம் எனக்கு இவ்வளவு உதவியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பதினோரு நாள் பொறுத்தான். அந்தப் பதினோரு நாளும் காலை, மாலை இரண்டு வேளையும் கடைக்கு வந்தான்.

பன்னிரண்டாம் நாள் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு வந்தான்.

"நாமக்கல் போயி சைபர் கிரைம் போலீஸ்ல சொல்லப் போறேன். நானுந்தான் தப்புப் பண்ணினவன், அதையுஞ் சொல்லீர்றேன். என்ன தண்டனையோ குடுக்கட்டும். அவன் நம்பரை அவங்க புடிக்கட்டும். நீயும் வா குணா. எனக்கு அவங்ககிட்டப் பேச வராது."

என் பைக்கில்தான் போனோம். அந்த இன்னொரு போன் என் சட்டைப் பையில் இருந்தது. வழியில் எங்காவது அவன் பார்க்காமல் வீசிவிடலாம் என்று எடுத்து வந்தேன். காலை பத்து மணி இருக்கும். தை மாதப் பனி இன்னும் முழுக்க விலகவில்லை. முப்பத்தெட்டாவது கொண்டை ஊசி வளைவில் அவன் என் தோளைத் தட்டினான்.

"இங்க சிக்னல் கெடைக்கும். நிறுத்து. கடைசியா ஒருக்கா அந்தாளுக்குப் போட்டுப் பாக்கறேன். மனசு மாறிக் குடுத்துட்டான்னா போலீஸு எதுக்கு."

அதுவரை அவன் பாஸுக்கு மெசேஜ்தான் அனுப்பியிருந்தான், பேசியதில்லை. ரோட்டோரத் தடுப்புச் சுவரில் ஏறி, பள்ளத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, எண்ணை அழுத்தினான்.

என் சட்டைப் பை அதிர்ந்தது.

அவன் என் பையைப் பார்த்தான். போனை நிறுத்தினான். பையும் நின்றது. மறுபடியும் அழுத்தினான். மறுபடியும் அதிர்ந்தது. போனைச் சுவர் மேல் வைத்தான்.

"நீயா குணா?"

"ஆமா."

"பணம்?"

"கடையிலதான் இருக்குது. தொடலை."

"அப்பறம் எதுக்குடா?"

"நீ வர்றதை நிறுத்திட்டே" என்றேன்.

மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டி இறங்கிப் போயிற்று. சத்தம் அடங்கிய பிறகு சொன்னான்.

"வாடான்னு ஒரு வார்த்தை கூப்புட்டிருந்தா வந்திருப்பனே குணா."

திட்டவில்லை. அடிக்கவில்லை. அடித்திருந்தால் நான் வாங்கிக்கொண்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவன் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. பிறகு, "நான் அடுத்த பஸ்ஸுல போயிக்கறேன். வாரேன்" என்றான்.

வாரேன் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். இந்தத் தரம் அவன் திரும்பி வர மாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. எழுவதற்காக அவன் சுவரில் கை ஊன்றினான். நான் இரண்டு கைகளையும் அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளினேன். இஸ்திரி போட்ட சட்டை மொடமொடவென்று இருந்தது. அவன் கத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேலே ஏறி வந்த பஸ் நின்றது. நான் ரோட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அது நடிப்பல்ல. கால் வழுக்கி விழுந்துவிட்டான் என்றேன். சுவர் பனியில் நனைந்துதான் இருந்தது. எல்லோரும் நம்பினார்கள். சுவர் மேலிருந்த முரளியின் போனை டிரைவர் எடுத்து வைத்தார், பிறகு அது சுகுணாவிடம் போய்ச் சேர்ந்தது. பாடையின் முன்பக்கத்தை நான்தான் சுமந்தேன்.

காரியம் முடிந்து நாலாம் நாள், நான் வீசாமலே வைத்திருந்த பாஸின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. முரளியின் எண்ணில் இருந்து. எண்ணை இரண்டு தரம் சரிபார்த்தேன். சுகுணா எழுதியிருந்தாள்.

"அய்யா, அவர் இறந்துவிட்டார். பணம் வேண்டாம். கடைசியாக உங்களுக்குத்தான் போன் போட்டிருக்கிறார். என்ன பேசினார் என்று மட்டும் சொல்லுங்கள்."

பதில் போடாமல் இருந்திருக்கலாம். சிம்மை உடைத்திருக்கலாம். போன் கடைக்காரனுக்கு அது தெரியாதா. ஆனால் அவள் அடுத்த நாளும் எழுதினாள். அதற்கடுத்த நாளும் எழுதினாள். புள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறாள், அப்பா கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்கிறாள் என்று எழுதியிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, அவன் சொன்னதை அப்படியே எழுதினேன். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன் என்றார், கோபமாகச் சொல்லவில்லை, நல்ல மனிதர் என்று எழுதினேன்.

மறு நாள் காலை அவள் கடைக்கு வந்தாள். முரளியின் போனைக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தாள்.

"ஏனுங்கண்ணா, இதுல ரெண்டு தடவை போன் போயிருக்குது. ரெண்டு தடவையும் அந்தாளு எடுக்கவே இல்லை. எடுக்காத ஆளுக்கு அவரு சொன்னது எப்படித் தெரியும்?"

நான் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினேன்.

"அங்க நீங்க ரெண்டு பேருதானுங்களே இருந்தீங்க."

அவள் கத்தவில்லை. போனை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி ஸ்டேஷன் பக்கம் நடந்தாள். நான் ஓடவில்லை, அய்யா. இரண்டு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். உங்கள் ஆட்கள் வந்தபோது இரண்டும் ஆறிப்போயிருந்தன.

நீங்கள் எழுதியதை இப்போது படித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரி. பணத்துக்கு ஆசைப்பட்டு என்று ஓரிடத்தில் வருகிறது, அதை மட்டும் அடித்துவிடுங்கள். சுகுணா படிக்கும்போது தப்பாக நினைப்பாள். முரளியை நான்தான் தள்ளினேன் என்பது இருக்கட்டும். ஆனால் முதலில் விட்டுவிட்டுப் போனவன் அவன்தான் என்பதையும் அதற்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.