ஐலாவின் மார்ச் மாதப் பதிவுகள்

ரொட்டி சுடும் வீடியோவில் ரொட்டியை மட்டும் காட்டினால் போதாது, கையைக் காட்ட வேண்டும். மாவு ஒட்டிய விரல்கள், சூட்டில் சிவந்த மணிக்கட்டு. பார்ப்பவர்களுக்குப் பசி எடுப்பது அப்போதுதான். ஐலா நீமிக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும், மேடம். அதற்கும் வருகிறேன். என் வேலை என்னவென்று புரியாவிட்டால் மற்றதும் புரியாது.

ஈலி ஊருக்கு வடக்கே, உறைந்த ஏரிக்கரையில், மரக்குடிலில் தனியாகக் குளிர்காலத்தைக் கழிக்கும் பெண். உலகம் அறிந்த ஐலா அவ்வளவுதான். ஏலக்காய் ரொட்டி சுடுவாள், விறகு பிளப்பாள், பனியில் நடப்பாள். நன்றாகத்தான் செய்தாள், ஒழுங்கு மட்டும் கிடையாது. தோன்றினால் தன் இணையப் பக்கத்தில் பதிவு போடுவாள், தோன்றாவிட்டால் வாரக்கணக்கில் வாய் திறக்கமாட்டாள். தொலைவில், துலூத் நகரத்தில் என் அறையில் உட்கார்ந்துகொண்டு அந்த ஒழுங்கை நான் கொடுத்தேன்.

எந்த நாளில் ரொட்டி, எந்த நாளில் கேள்வி பதில் என்பதெல்லாம் ஒரு மாதம் முன்பே முடிவாகிவிடும். மாதம் முழுவதற்குமான படப்பிடிப்பை ஓரிரு நாளில் முடித்துவிடுவோம். காலையில் ஒரு ஸ்வெட்டர், மதியம் இன்னொன்று. பனி பொழியும்போது கொஞ்சம், வெயிலில் கொஞ்சம். பிறகு அன்றன்றைக்கு அங்கே வானம் எப்படி இருக்கிறதோ அதற்குப் பொருத்தமான வீடியோவை வெளியே விடுவேன். ஒருவர்கூடக் கண்டுபிடித்ததில்லை. அவள் அக்கா மார்த்தாவுக்கே தெரியாது. பின்னூட்டங்களுக்கு அவள் பெயரில் பதில் எழுதுவதும் நான்தான்.

"என்னைவிட நீதான் ஐலா மாதிரி பேசுற, போ" என்று சிரிப்பாள்.

குடிலில் சிக்னல் கிடையாது. பின்னாலிருக்கும் மேட்டில் ஏறினால் கொஞ்சம் கிடைக்கும். ஆகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. தினமும் இருட்டுவதற்குமுன் மேடேறி, "இருக்கேன்" என்று எனக்கு ஒரு சொல் அனுப்புவாள். அது வராவிட்டால் நான் உங்கள் போலீஸ் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அக்காவைவிட என்னைத்தான் அதற்கு நம்பினாள். அந்தப் பொறுப்பை நான் லேசாக எடுத்துக்கொண்டதில்லை.

மார்ச்சுக்கான படப்பிடிப்பு முடிந்து கேமராவை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, "இதோட போதும், வேட்" என்றாள். "மார்ச் ஓடட்டும். அப்புறம் பக்கத்தை மூடிடலாம். என் மூஞ்சி எனக்கே அலுத்துப்போச்சு."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிக்கிற வேலைதான் உன்னோடதாச்சே. நான் சும்மா சொல்றேன்" என்று என் தோளில் தட்டினாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தம் வந்தது. கதிர் விட்ட பயிரை மடக்கி உழுவதற்கு யாருக்குத்தான் மனம் வரும்?

மார்ச்சில் ஒரு மாலை அவளிடமிருந்து அந்தச் சொல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அங்கே நல்ல வெயில் என்று பார்த்து, வெயில் வீடியோ ஒன்றைப் போட்டேன். அதற்கடுத்த நாள் காலையில் மார்த்தா என்னைக் கூப்பிட்டாள்.

"வேட், இவ என்ன, எத்தனை மெசேஜ் போட்டாலும் பதிலே காணோம்? உன்கிட்ட பேசினாளா?"

"பக்கத்தைப் பாரேன். நேத்துக்கூட ரொட்டி சுட்டிருக்கா."

"பார்த்தேன், பார்த்தேன். நான் பின்னின நீல ஸ்வெட்டரைத்தான் போட்டிருக்கா, கழுதை." குரலில் இருந்த பதற்றம் இறங்கிவிட்டது. "வண்டிய எடுத்துக்கிட்டுப் போய்ப் பார்த்துட்டு வரலாம்னு இருந்தேன். இந்தப் பனில எதுக்கு?"

"எதுக்கு" என்றேன் நானும்.

மதியம் பதிவுக்குக் கீழே, "மேட்டுல ஏறினா ஒரு போன் பண்ணுடி" என்று எழுதியிருந்தாள். "பண்றேன், கிழவி" என்று ஐலாவாகப் பதில் போட்டேன். அக்காவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். மார்த்தா சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் போனாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அந்த நாட்களில் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். பக்கத்தை மூடிவிட்டுப் போகும் பெண்ணை மக்கள் ஒரே வாரத்தில் மறந்துவிடுவார்கள். ஊரே கூடித் தேடும் பெண்ணை மறக்கமாட்டார்கள். முதலில் ஒரு நல்ல சிரிப்பு, அதற்கப்புறம் மௌனம், பிறகு காணவில்லை என்ற செய்தி, தேடுதல், மார்த்தாவின் அழுகை. இந்த வரிசையைச் சரிசெய்து, வாசகங்களை எழுதி, படங்களைத் தேர்ந்தெடுத்து வைத்தேன். இத்தனை கவனமாக நான் எதையும் செய்ததில்லை.

கூரைப் பனியைத் தள்ளும்போது விழுந்து கால் முறிந்தது, தவழ்ந்தே உள்ளே வந்திருக்கிறாள் என்றீர்கள். உள்ளே இருந்த விறகு தீர்ந்ததும் நாற்காலிகளை எரித்தாள், அலமாரிப் பலகைகளை எரித்தாள் என்றீர்கள். வெள்ளி விடியும்வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதியிருப்பதையும் படித்துக் காட்டினீர்கள். நான் உங்களைக் கூப்பிட்டது அன்று மாலை.

அந்தச் சொல் வராமல் போன செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளே என்கிறீர்கள். பிழைத்திருப்பாள். எனக்கு அது அன்றைக்கே தெரியும். ஆனால் செவ்வாய்க்கிழமை யாரும் எதையும் பார்ப்பதில்லை, மேடம். வெள்ளிக்கிழமை மாலைதான் எல்லாரும் வேலை முடிந்து, கையில் போனோடு உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்காகத்தான் நான் நல்ல நேரம் பார்த்தேன்.