மூணாவது பஸ்ஸில் போட்ட துண்டு

அவையை அமைதியாய் அரவணைத்து நடத்தும் தலைவர் பிச்சைமுத்து அண்ணன் அவர்களே, பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் கேமராப் பையைத் தோளிலிருந்து இறக்காமலே வந்திருக்கும் ஒளிப்படத் தோழர்களே, எங்களை நம்பி வீட்டு விசேஷத்தை ஒப்படைக்கும் தாய்மார்களே, பாடாலூர் ஸ்டூடியோக்காரி கலைமணியின் பணிவான வணக்கம்.

ஹார்டு டிஸ்கைக் கம்ப்யூட்டர் எப்படி அடையாளம் காண்கிறது என்று பேச வந்திருக்கிறேன். பின்வரிசையில் ஒரு தம்பி இப்போதே கொட்டாவி விடுகிறார். விடுங்கள் தம்பி, நான் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிக்காதவர் நம் ஊரில் உண்டா? கணவர் துண்டைப் போட்டுவிட்டு டீக்கடையிலிருந்து போன் செய்கிறார். "மூணாவதா நிக்கிற பஸ்ஸுல துண்டு போட்டிருக்கேன், ஏறி உக்காரு." அதற்குள் முதல் பஸ் கிளம்பிவிட்டது. இப்போது மூன்றாவதாக நிற்பது வேறு பஸ். அந்த அம்மா துறையூரில் போய் இறங்கினால் குற்றம் யாருடையது? சிரிக்கிறீர்கள், அப்படி இறங்கியவர்களும் இங்கே இருக்கிறீர்கள்.

கம்ப்யூட்டரும் அப்படித்தான். நம் புரோகிராம் எதுவும் டிஸ்கை நேரே தொடுவதில்லை. ஒரு பெயரைச் சொல்லிக் கேட்கும், லினக்ஸ் போன்ற இயங்குதளம் எடுத்துக் கொடுக்கும். அந்தப் பெயரில் இரண்டு வகை. ஒன்று, கண்ணில் பட்ட வரிசைப்படி வைக்கும் பெயர்: எஸ்.டி.பி., எஸ்.டி.சி. என்று. வரிசை மாறினால் பெயரும் மாறும். மற்றொன்று, டிஸ்கை ஃபார்மட் செய்யும்போதே அதற்குள் எழுதப்படும் நீண்ட அடையாள எண். எந்த ஓட்டையில் செருகினாலும், எப்போது செருகினாலும், அது மாறாது. பஸ் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பலகை மாதிரி.

இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்கிறீர்களா? கங்கைகொண்ட சோழபுரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் குருமூர்த்தி அண்ணன் முன்வரிசையில் இருக்கிறார். "எல்லாரும் கேக்கட்டும், சொல்லு கலைமணி" என்று அவரே சொன்னதால் சொல்கிறேன்.

வளர்மதி ஒரு பழைய டிஸ்கோடு அவரிடம் வந்தாள். கணவர் தர்மராஜ் இறந்தபோது மகள் அபிநயா கைக்குழந்தை. அவர் பேசும் வீடியோ உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அவர் தம்பியின் கல்யாணத்தில் எடுத்தது. "டிஸ்கு ஒரு மாதிரி சத்தம் போடுதுண்ணே. புதுசுல ஏத்திக் குடுங்க, பாப்பாவுக்கு அவங்க அப்பா கொரல் ஞாபகமே இல்ல" என்றாள்.

பழையது எஸ்.டி.பி., புதியது எஸ்.டி.சி. பார்த்துவைத்துக்கொண்டார் அண்ணன். கரண்ட் போனது. வந்தது. கம்ப்யூட்டர் மீண்டும் எழுந்தபோது புதிய டிஸ்க் முந்திக்கொண்டது. பெயர்கள் இடம் மாறின. அண்ணன் பலகையைப் பார்க்கவில்லை, வரிசையை நம்பினார். "எஸ்.டி.பி.யை அப்படியே எஸ்.டி.சி.யில் எழுது" என்றார். கம்ப்யூட்டர் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. வெற்று டிஸ்கை எடுத்து, தர்மராஜின் மேல் எழுதத் தொடங்கியது.

புது டிஸ்கின் விளக்கு எழுதும் வேகத்தில் மின்னவில்லையே என்று சந்தேகப்பட்டு அண்ணன் வயரைப் பிடுங்கினார். அதற்குள் முன்பகுதி போய்விட்டது. மாலை மாற்றியது போயிற்று, தாலி கட்டியது போயிற்று, மேடையில் தர்மராஜ் பேசி வாழ்த்தியது போயிற்று. மிச்சத்தை என்னிடம் கொண்டுவந்தார். இந்த முறை அடையாள எண்ணைப் பார்த்து, ஒன்றுக்கு இரண்டு முறை ஒப்பிட்டு, அதன் பிறகே தொட்டோம். பந்தி பரிமாறும் ஒரு துண்டு வீடியோ மீண்டது. சாம்பார் வாளியோடு தர்மராஜ் கேமராவைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்கிறார்: "சாப்டியாம்மா?"

அன்று கேமரா பக்கத்தில் நின்ற வளர்மதியைத்தான் கேட்டார். ஆனால் வளர்மதியை வரவழைத்து அதைப் போட்டுக் காட்டியபோது, அவள் மடியில் இருந்த அபிநயா, "சாப்டேன்" என்றாள். நான் எழுந்து வெளியே போய் அழுதேன்.

தோழர்களே, நம் கைக்கு வருவது டிஸ்க் அல்ல, ஆள். ஆளை வரிசையில் நிற்கும் இடத்தை வைத்தா அழைப்போம்? பெயரைக் கேளுங்கள். கேட்டபின் எழுதுங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், தலைநிமிர்ந்து கேட்ட குருமூர்த்தி அண்ணனுக்கும் நன்றி. தாய்மார்கள் பலகையைப் பார்த்து பஸ் ஏறுங்கள். வணக்கம்.