மணிகள் பிடித்துவைத்த விஷம்

தண்ணீருக்கு ருசி உண்டு என்றால் நீங்கள் சிரிப்பீர்கள், ஐயா. எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நானும் என் தங்கை கணவரும் சேர்ந்து செய்த வடிகட்டி அது. உள்ளே கடுகளவு பாலிமர் மணிகள். அவற்றின் மேல் இரும்புத் துருவில் செய்த, கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்கள். நிலத்தடி நீரில் இருக்கும் ஆர்செனிக் விஷத்தை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். மணிகள் நிரம்பியதும் காரநீர் விட்டுக் கழுவுவோம். மாதக்கணக்கில் பிடித்ததெல்லாம் ஒரே குடுவையில் இறங்கிவிடும். அமிலம் சேர்த்துக் காரத்தை முறித்து, அதைத் தனியே பூட்டி வைப்போம். பார்த்தால் வெறும் தண்ணீர்தான். கழுவியபின் வரும் முதல் நல்ல தண்ணீரை, வடிகட்டியைச் செய்த நாங்களே குடித்துக் காட்ட வேண்டும் என்பது மாப்பிள்ளை வைத்த வழக்கம். அவருக்கு எல்லாவற்றிலும் நேர்மை வேண்டும். கூட இருப்பவர்களுக்குத்தான் சலித்துப்போகும்.

அன்று மத்தியானம் ஒரு கண்ணாடிக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மச்சான், துகள் உதிருது. பிடிச்ச விஷத்தோட சேர்ந்தே தண்ணியில வருது. நாளைக்கு இதை விலைக்கு வாங்கக் கம்பெனிக்காரங்க வர்றப்போ சொல்லிடுவோம். ஊர்ல வீடுகளுக்குக் கொடுத்த வடிகட்டியெல்லாம் திரும்ப வாங்கிடணும்."

"இத்தனை வருஷ உழைப்பு, மாப்பிள்ளை."

"அதுக்காக ஊருக்கே விஷத்த ஊத்தச் சொல்றீங்களா?"

நான் கோபப்படவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மணிகளைக் கழுவினேன். குடுவையைப் பூட்டி வைக்காமல் ஒரு டம்ளரில் ஊற்றி அவரிடம் நீட்டினேன். "கழுவியாச்சு, குடிச்சுப் பாருங்க" என்றேன். ஒரே மடக்கில் குடித்தார். என் கையை அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

"கொஞ்சம் கரிக்குதே, மச்சான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் வயிற்றுக் கோளாறு என்றார்கள். விடிவதற்குள் போய்விட்டார். இப்போது எந்தக் குழாயைத் திறந்தாலும் அந்தக் குரல் கேட்கிறது. குளிக்கக்கூடப் பயமாக இருக்கிறது, ஐயா. வாய் கொப்பளித்தால் உப்புக் கரிக்கிறது.

ஆனால் நான் விஷம் வைத்தேன் என்று எழுதாதீர்கள். வெளியிலிருந்து ஒரு சொட்டு விஷம் நான் கொண்டுவரவில்லை. ஊர்த் தண்ணீரில் இருந்ததைத்தான் பிரித்துக் கொடுத்தேன்.

துகள் உதிர்வதாக அவர் சொன்னது வீண் பயம். நம்பாவிட்டால் என் தங்கை வீட்டில் போய்ப் பாருங்கள். நானே மாட்டிக் கொடுத்த வடிகட்டி. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில்தான் பால்பவுடர் கரைக்கிறாள். பிள்ளை சில நாளாக எதைக் குடித்தாலும் கக்கிவிடுகிறது. அப்பாவைத் தேடுகிறது, வேறொன்றுமில்லை.